ராக்கெட் கேமராவுக்கும் லைசென்ஸா?

2018 மார்ச் 30. இரிடியம் செயற்கைக்கோள்களோடு ஃபால்கன் 9 கிளம்பியது. சுமார் ஒன்பதாவது நிமிடத்தில் ஸ்பேஸ்எக்ஸ் நேரலைக் காட்சியைத் தானே நிறுத்திக்கொண்டது. கோளாறு எதுவுமில்லை. சுற்றுப்பாதையிலிருந்து பூமியைப் படமெடுக்க அமெரிக்காவில் தனியாருக்கு நோவா, அதாவது தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் உரிமம் தேவை. ராக்கெட்டின் மேல்கட்டத்துக் கேமராவுக்கும் அது பொருந்தும் என்றார்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால் அப்படித்தான் வரும்.

2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் இந்தக் கூத்தை முடித்துவைத்தன. ஸ்டார் டிராக்கர் (நட்சத்திரங்களைப் பார்த்துத் திசையறியும் கருவி), சூரிய சென்சார், ராக்கெட்டிலிருந்து செயற்கைக்கோள் பிரிவதைப் பார்க்கும் கேமரா போன்ற, முதன்மையாகத் தொழில்நுட்பக் கண்காணிப்புக்கான கருவிகளுக்கு இப்போது விலக்கு உண்டு. 'முதன்மையாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதே கேமராவின் பூமிப் படங்களை விற்கத் தொடங்கினால் அந்த விலக்கை நம்பியிருக்க முடியாது. மாணவர்கள் செய்த கியூப்சாட் (கையடக்கமான கனசதுர வடிவச் செயற்கைக்கோள்) என்பதற்காகவும் சலுகை கிடையாது.

புதிய விதிகளின் அச்சு ஒரே கேள்வி: இதே படம் வேறு யாரிடம் கிடைக்கும்? வெளிநாட்டில் கிடைத்தால் முதல் அடுக்கு. அமெரிக்க நிறுவனங்களிடம் மட்டும் கிடைத்தால் இரண்டாம் அடுக்கு. எங்குமே இல்லாத திறன் என்றால் மூன்றாவது. "இந்த இடத்தை இப்போது எடுக்காதே" என்ற அரசு உத்தரவு முதல் அடுக்கைத் தொடாது. வெளிநாட்டுக்காரர் விற்கும் படத்தை உள்ளூர்க்காரர் மட்டும் மறைத்து என்ன பயன்? நியாயமான முடிவு என்றே சொல்வேன். மூன்றாம் அடுக்கில் போடும் தற்காலிக நிபந்தனைகள் ஓராண்டுக்கானவை. நீட்டித்தாலும் மொத்தம் மூன்று ஆண்டுதான். 2023 ஆகஸ்டில் இப்படிப்பட்ட 39 நிபந்தனைகளை நோவா நீக்கியது. எந்த அடுக்கானாலும், ஒரு நாட்டின் நிலப்பரப்பை எடுத்த மூலத் தரவை அந்நாட்டு அரசு கேட்டால் தர வேண்டும் என்பது போன்ற சட்டக் கடமைகள் உண்டு.

விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. முழுமையான விண்ணப்பம் கிடைத்த பிறகு 60 நாளில் முடிவு வர வேண்டும். 'முழுமையான' என்பதில்தான் பலரும் சறுக்குவார்கள், பெரும்பாலும் தரைத் தெளிவுத்திறன், அதாவது படத்தின் ஒரு பிக்சல் தரையில் எத்தனை மீட்டரைக் காட்டும் என்ற கணக்கில். கணக்கு எளிது: உயரத்தைப் பிக்சல் அகலத்தால் பெருக்கி, குவியத் தொலைவால் வகுக்க வேண்டும். 5.5 மைக்ரான் பிக்சல், 58 செ.மீ. குவியத் தொலைவு, 500 கி.மீ. உயரம் என்றால் சுமார் 4.7 மீட்டர். இதே கருவி விண்வெளி நிலையத்திலிருந்து 400 கி.மீ. உயரத்தில் விடப்பட்டால் 3.8 மீட்டர். ஒரு ராக்கெட்டிலிருந்து வேறு ராக்கெட்டுக்கு மாறுவது சிறு செயற்கைக்கோள்களுக்குச் சாதாரணம். கேமராவில் ஒரு திருகைக்கூடத் தொடாமலே உரிமத்தில் எழுதிய எண் பொய்யாகிவிடும். ஆகவே படமெடுக்கப் போகும் மிகத் தாழ்ந்த உயரத்தை வைத்து, நேர்கீழே பார்க்கும்போது கிடைக்கும் எண்ணை எழுதுங்கள். சராசரியை எழுதாதீர்கள். முக்கியமான விவரம் எது மாறினாலும், மாற்றத்துக்கு முன்பே திருத்தம் கேட்க வேண்டும். செய்துவிட்டுச் சொல்வது மீறல்.

இஸ்ரேலுக்குத் தனி விதி. 1996-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மற்ற நாட்டு வணிகர்கள் தருவதைவிடத் தெளிவான இஸ்ரேல் படங்களை அமெரிக்க நிறுவனங்கள் தரக்கூடாது. பல ஆண்டுகள் 2 மீட்டராக இருந்த அந்த வரம்பு 2020-இல் 0.4 மீட்டருக்கு இறங்கியது.

நோவா உரிமம் கேமராவுக்கு மட்டும். ரேடியோ அலைவரிசைக்கு எஃப்.சி.சி.யிடம், அதாவது அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்திடம், தனியாகப் போக வேண்டும். ஆயுள் முடிந்த செயற்கைக்கோளை 5 ஆண்டுக்குள் சுற்றுப்பாதையிலிருந்து இறக்கும் விதியும் அங்கேதான். இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வார்ம் நிறுவனம் உதாரணம். எஃப்.சி.சி. மறுத்த நான்கு குட்டிச் செயற்கைக்கோள்களை 2018 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.யில் ஏற்றி அனுப்பியது. ஆண்டு முடிவதற்குள் 9 லட்சம் டாலர் கட்டியது.