கண்டி போர் மயானத்தில் பெரிய தாத்தாவின் கல்லைத் தேடி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண்டி போர் மயானத்தில் இருக்கும் ஒரு கல்லறையைப் பார்க்க எந்த அலுவலகத்திலும் எந்தக் கடிதமும் வாங்க வேண்டியதில்லை. திறந்திருக்கும் நேரத்தில் போனால் போதும், யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். இதை யாராவது ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால், எழுபது வயதைத் தாண்டிய என் அப்பா அத்தனை வாங்கில்களில் காத்துக் கிடந்திருக்க மாட்டார்.

எங்களுக்குப் பொகவந்தலாவைப் பக்கம், தேயிலைத் தோட்டம். தாத்தாவின் அண்ணன், அதாவது அப்பாவின் பெரியப்பா, இரண்டாம் உலக யுத்தத்தில் தோட்டத்தை விட்டுப் பட்டாளத்துக்குப் போனவர். "பாதை வெட்டுற பட்டாளம்" என்றுதான் அப்பாயி சொல்லுவார். பேராதனைப் பக்கம் வேலை, அங்கேயே காய்ச்சல் கண்டு செத்துப் போனார், கண்டியிலேயே புதைத்துவிட்டார்கள், தந்தி வந்தது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். 1944இல் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார் என்பதும், அந்தப் பக்கம் முழுக்கப் பட்டாளமாக இருந்தது என்பதும் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. அப்பா பிறந்தது அவர் இறந்த பிறகு. ஆனாலும் "கண்ண மூடுறதுக்குள்ள ஒரு தடவ அந்த இடத்தப் பாத்துடணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சரி, முறைப்படி விசாரிப்போம் என்று ஓர் அரச அலுவலகத்துக்குப் போனோம். இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். இல்லை என்றதும் தோட்டத்துக் கடிதம், கிராம உத்தியோகத்தர் கடிதம் இரண்டையும் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோய்க் கொடுத்தபோது அதே மேசையில் வேறொருவர் இருந்தார். கடிதத்தைப் படித்துவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "தோட்டத்து ஆளுக்கு எங்க ஐயா அந்தக் காலத்துல ஆமி? துரைமாருக்குத்தான் படை இருந்தது" என்று சிரித்தார். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாருக்குத் தனிப்படை இருந்தது உண்மைதான். சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் என்று பெயர், தலைமையகமே கண்டியில் இருந்தது. அதற்காக மற்றவர் யாருமே போகவில்லை என்று ஆகிவிடுமா? அப்பா, "சரிங்க சேர்" என்று சொல்லிக் கடிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. தெரியாது என்று சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை. அப்படி ஒரு ஆள் இருந்ததே இல்லை என்பதுபோலப் பேசியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்களுக்கு வழி கிடைத்தது கோத்தகிரியிலிருந்து. பெரிய தாத்தாவின் மனைவியும் மகளும் நாடற்ற தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்கள். வீட்டில் இருந்த பழைய கடதாசியெல்லாம் அவர்களுடைய டிரங்குப் பெட்டியோடு போய்விட்டது. அந்த மகளின், அதாவது என் அத்தையின், பேத்தியை வாட்ஸ்அப்பில் பிடித்து, பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு படம் வந்தது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்த ஆங்கிலக் கடிதம். பெயர் இருந்த இடம் கறையாகிவிட்டது. ஆனால் படை இலக்கமும் இறந்த திகதியும் தெளிவாக இருந்தன.

இதே மாதிரி தேடுகிறவர்கள் முதலில் அந்தப் படை இலக்கத்தைத் தேடுங்கள். உங்கள் வீட்டில் இல்லையென்றால், இந்தியாவுக்குப் போன சொந்தங்களிடம் கேளுங்கள். நம் குடும்பங்கள் பாதி இங்கே பாதி அங்கே என்று பிரிந்தபோது பத்திரங்களும் அப்படித்தான் பிரிந்தன.

கல்லறைகளைப் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு. அவர்களுடைய இணையத்தளத்தில் பெயர், படை இலக்கம், மயானம் எதைக் கொண்டும் தேடலாம், காசு கிடையாது. பெயரைக் கொண்டு மட்டும் தேடாதீர்கள். எங்கள் பெயர்களை வெள்ளைக்காரக் கிளாக்மார் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். கருப்பையா 'கே'யில் தொடங்கலாம், 'சி'யிலும் தொடங்கலாம். வேலு 'வீ'யில் இருக்கலாம், 'டபிள்யூ'விலும் இருக்கலாம். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவைத்த இடங்களும் உண்டு. எந்த நாட்டுப் படை என்று கேட்கும் கட்டத்தையும் வெறுமையாக விடுங்கள், இலங்கைப் படையா இந்தியப் படையா என்பது வீட்டில் சொன்ன கதையிலிருந்து சரியாகத் தெரியாது.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. கண்டி மயானத்தின் பெயரைக் கொடுத்து முழுப் பட்டியலையும் எடுத்துவிடுங்கள். அங்கே மொத்தம் 203 கல்லறைகள்தான். அதில் இலங்கையர் 26 பேர், இந்தியர் 23 பேர். ஓர் இரவில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். நானும் அப்படித்தான் பார்த்தேன். பெயரை வாசித்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன், அவ்வளவு சிதைந்திருந்தது. இலக்கமும் திகதியும் கோத்தகிரிக் கடிதத்தோடு அப்படியே பொருந்தின. அப்பாவை எழுப்பிக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இலக்கத்தை ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்த்தார். "அந்த சேருக்கு இதைக் காட்டணும்" என்றார்.

இத்தோடு அலைச்சல் முடிந்தது என்று நினைத்தால் கண்டியில் இன்னொன்று காத்திருந்தது. பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரரிடம் யுத்தத்தில் செத்த பட்டாளக்காரர்களின் மயானம் என்று விளக்கிச் சொன்னோம். தெரியும் என்றார். கொண்டுபோய் இறக்கியது தலதா மாளிகைக்குப் பின்னால், நூதனசாலைப் பக்கம் இருக்கும் பழைய பிரித்தானியக் கரிசன் (காவற்படை) மயானத்தில். அது 19ஆம் நூற்றாண்டுக்காரர்களுடையது. 1824இல் இறந்த பிரித்தானிய நிர்வாகி ஜோன் டொய்லி அங்கேதான் இருக்கிறார். அப்பா முழங்கால் வலியோடு ஏற்றத்தில் ஏறி, ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்தார். ஆண்டுகளைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் அவரை நிறுத்த மனம் வரவில்லை. அங்கிருந்தவர்தான் பொறுமையாக, இது வேறு அது வேறு என்று சொல்லி வழியை எழுதித் தந்தார். அவருக்கு நன்றி. அதற்குள் மழை பிடித்துவிட்டது, கடைசி பஸ்ஸை விட்டால் ஹட்டனில் மாட்டிக்கொள்வோம் என்று அன்று பார்க்காமலே திரும்பினோம்.

ஆகவே ஆட்டோக்காரரிடம் வாயால் சொல்லாதீர்கள். தேவனி ராஜசிங்க மாவத்தை என்று தெருப்பெயரைச் சொல்லி, போனில் வரைபடத்தையும் காட்டுங்கள். இல்லாவிட்டால் கரிசன் மயானம், அதுவும் இல்லாவிட்டால் மஹியாவப் பொது மயானம் என்று சுற்றுவீர்கள். போர் மயானம் நகருக்குத் தென்மேற்கே இருக்கிறது. கல்லறையின் பகுதி, வரிசை, இலக்கம் மூன்றையும் இணையத்தளத்திலேயே பார்த்துக் கையில் எழுதிக்கொண்டு போங்கள். காலையில் போவது நல்லது, பின்னேர மழையை நம்ப முடியாது.

மறுபடி போனபோது எல்லாம் சுலபமாக முடிந்தது. புல் வெட்டி, பூச்செடி வைத்து, அப்படி ஒரு சுத்தம். வரிசையைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்பா கல்லின் முன்னால் உட்கார்ந்து, வாயால் சொல்லிச் சொல்லி அழுதார். தான் ஒருநாளும் பார்க்காத மனிதரிடம் தாத்தா செத்தது, அப்பாயி செத்தது, அத்தை கோத்தகிரிக்குப் போனது எல்லாவற்றையும் சொன்னார். "1948ல நம்ம குடியுரிமைய எடுத்துட்டாங்க பெரியப்பா. எனக்கு 88லதான் குடுத்தாங்க" என்றும் சொன்னார். எனக்கு அதுதான் ஆறவில்லை. இந்த நாட்டில் பட்டாளத்தில் இருந்து செத்த மனிதரின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவருடைய மனைவியையும் மகளையும் நாடில்லாதவர்கள் என்று சொல்லிக் கப்பலேற்றினார்கள்.

சூடம், சாம்பிராணி, எண்ணெய், குங்குமம் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க வேண்டியது: கல்லின் மேல் எதையும் தடவாதீர்கள், கொளுத்தாதீர்கள். கறை பிடித்தால் போகாது, எழுத்தும் கெட்டுவிடும். நாங்கள் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு மாலை மட்டும் கல்லின் அடியில் வைத்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. படைத்ததையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

புறப்படும்போது பக்கத்து வரிசையில் இருந்த பெயர்களைப் பார்த்து அப்பா யார் இவர்கள் என்று கேட்டார். கிழக்கு ஆப்பிரிக்கர்கள், 35 பேர் இருக்கிறார்கள். 1943இல் அவர்களுடைய 11ஆவது டிவிசன் இலங்கைக்கு வந்து, அடுத்த வருடம் இங்கிருந்துதான் பர்மா போர்முனைக்குப் போனது. "இவங்கள யாரு வந்து பாப்பாங்க?" என்று கேட்டு, மாலையிலிருந்து கொஞ்சம் பூவை உதிர்த்து அந்தக் கற்களுக்கும் வைத்தார்.

உங்கள் ஆள் கண்டிப் பட்டியலில் இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். இந்துக்களில் தகனம் செய்யப்பட்டவர்களுக்குக் கல்லறை இருக்காது, பெயர் மட்டும் நினைவுச் சின்னத்தில் இருக்கும். கொழும்பு லிவரமெண்டு மயானத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. திருகோணமலைப் போர் மயானத்தையும் பாருங்கள். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள்தான் இரண்டாம் யுத்தக் கணக்கில் வருவார்கள். பட்டாளத்தை விட்டு வீட்டுக்கு வந்த பிறகு, அங்கே பட்ட காயத்தாலோ நோயாலோ அந்தத் திகதிக்குள் இறந்திருந்தால் அவர்களையும் சேர்ப்பார்கள், ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டும்.

எங்களுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. பெயரைத் திருத்த வேண்டும். ஆதாரம் காட்டினால் ஆணைக்குழு பதிவைத் திருத்தும் என்பதால், கோத்தகிரிக் கடிதத்தின் படம், அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், சமாதான நீதவான் முன்னிலையில் அப்பா எழுதிக் கொடுத்த உறுதிக் கடிதம் எல்லாவற்றையும் ஈமெயிலில் அனுப்பியிருக்கிறேன். கிடைத்தது, பார்க்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. கோத்தகிரிக் கடிதத்தின் அசலைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கச் சொல்லி அந்தப் பிள்ளைக்கும் சொல்லிவிட்டேன்.