டீன் மேசையில் ஒரு டிஷ்யூ பெட்டி

டீனின் மேசையில் இருந்த டிஷ்யூ பெட்டி அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. எதிர் நாற்காலிக்கு மட்டும் எட்டும்.

பாடத்திட்டக் குழு விஷயமாக ஒரு கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். ஐந்து நிமிட வேலை.

எனக்கு முன்னால் போன மாணவி ஒரு பருவம் படிப்பை நிறுத்திவைக்கக் கேட்டு வந்தவள். கண் சிவந்து வெளியே வந்தாள். எனக்குப் பின்னால், நிரந்தரப் பணிக்கான கோப்பை மடியில் வைத்தபடி ஓர் இளம் பேராசிரியர்.

கலை, அறிவியல் எனப் பல துறைகளையும் சேர்த்துக் கற்பிக்கும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் டீன் என்றால் ஒரே வேலை இல்லை. ஆசிரியர்களுக்கான டீன் நியமனம், பதவி உயர்வு, பாடத்திட்டம், துறைகளுக்கான பணம் எல்லாம் பார்ப்பார். மதிப்பெண் சரிவு, விடுப்பு, பாடத்தைக் கைவிடுவது போன்றவை மாணவர்களின் படிப்பைக் கவனிக்கும் டீனிடம் போகும். சிறிய கல்லூரி என்றால் எல்லாம் ஒரே தலையில் விழும்.

இந்த டீன் அத்தனைக்கும் நடுவில் வாரம் ஒரு வகுப்பு விடாமல் எடுக்கிறார். பிடிவாதம்தான். ஆனால் பேராசிரியராக இருந்து வந்தவருக்கு அது மூச்சு விடும் நேரம் என்று நினைக்கிறேன்.

டீன் என்ற சொல் லத்தீனின் 'டெக்கானஸ்' என்பதிலிருந்து வந்தது. பத்துப் பேருக்குத் தலைவர் என்று பொருள்.

பத்துப் பேராம்!

கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "அடுத்தவரை வரச் சொல்லுங்கள்" என்றார். அப்புறம், பேச்சை நிறுத்தாமலே, பெட்டியை இன்னும் கொஞ்சம் எதிர் நாற்காலிப் பக்கம் நகர்த்தினார்.