பிச்சாவரத்தில் ஒரு வாய்க்கால்

நேற்று சிதம்பரத்துக்கு அருகே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போய்வந்தேன். படகில் போகும்போது வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் இலை ஒன்றைப் பறித்து நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. வேர் உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலை வழியாகத்தான் வெளியேற்றுகிறது. அதற்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவு மீறியதால்தான் இந்தக் காட்டின் பெரும்பகுதி ஒரு காலத்தில் பட்டுப்போனது.

ஆடுமாடு மேய்ப்பவர்களும் விறகு பொறுக்குபவர்களும்தான் காட்டை அழித்தார்கள் என்று நீண்ட காலம் பழி சொன்னார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. உண்மையில், ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய முறைப்படி பகுதி பகுதியாக மரங்களை மொட்டையடித்தார்கள். வெயில் பட்டு ஈரச் சேறு காய்ந்து, தரை தாம்பாளம்போல் குழிந்தது. ஓதத்தில், அதாவது கடல்மட்டம் உயரும் நேரத்தில், ஏறிய கடல்நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, வற்றி, உப்பாகப் படிந்தது. அந்த மண்ணில் கன்று நட்டு என்ன பயன்?

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து முதலில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே ஒன்று, இருபுறமும் சாய்வாகக் கிளைகள், அப்படியே மீன் முள். ஓதம் வந்து போகத் தொடங்கியதும் உப்புக் குறைந்தது, வெண்கண்டல் வேர்பிடித்தது.

தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு இங்கே நீர் ஏறுவதும் வடிவதும் அத்துப்படி. கரையோரத் திட்டம் எதுவானாலும் முதலில் அவர்களைக் கேளுங்கள். வாய்க்கால்கள் தூர்ந்துகொண்டே இருக்கும். விடாமல் தூர்வார வேண்டும்.