24-ஐ 24-ஆகவே விடுங்கள்

ஒகேனக்கல்லில் எடுத்த காட்சி ஏதாவது வந்தால் போதும், ஒரு டிவியின் யோக்கியதை தெரிந்துவிடும். கேமரா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பாறைகளின் மேல் மெதுவாக நகரும். தண்ணீரைப் பார்க்காதீர்கள், அது எப்படியும் கலங்கித்தான் தெரியும். பாறையின் விளிம்பைப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகாமல் விட்டு விட்டு நகர்கிறதா? அந்த நொண்டலைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

எங்கள் வீட்டு ப்ளூ-ரே பிளேயர் (டிஸ்க் போட்டு எச்.டி. படம் பார்க்கும் பெட்டி), பெங்களூரில் வீட்டைக் காலி செய்த நண்பர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. கூடவே ஒரு அட்டைப்பெட்டி நிறைய டிஸ்க். தர்மபுரிக் கடைகளில் இப்போது டிஸ்க் என்று கேட்டால், கடைப்பையன் முதலாளியைத் திரும்பிப் பார்க்கிறான். பிளேயரை மாட்டிய வாரம் பாலக்கோட்டிலிருந்து மாமா வந்திருந்தார். இப்போது தக்காளி வியாபாரம். இளவயதில் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ளே, படம் நொண்டுது? சக்கரப் பல்லு தேஞ்சுபோச்சா?" என்றார். பிளேயருக்குள் பல்லும் இல்லை, ஃபிலிமும் இல்லை. ஆனால் அவர் கண் பிடித்தது சரி.

சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 அசையாப் படங்கள். ஊமைப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள், வேகம் ஆளுக்கு ஆள் மாறியது. 1920-களின் கடைசியில் பேசும்படம் வந்து, ஒலியும் அதே ஃபிலிமின் ஓரத்தில் ஏறியபோது வேகத்தைக் கட்டிப்போட வேண்டியதாயிற்று. வேகம் ஏறி இறங்கினால் கதாநாயகனின் குரலும் சேர்ந்து ஏறி இறங்கும். மாமா இதை ஃப்ரேம் கணக்கில் சொல்ல மாட்டார், அடிக்கணக்கில் சொல்வார்: நிமிஷத்துக்கு 90 அடி. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃப்ரேம், ஆக நிமிஷத்துக்கு 1440, நொடிக்கு 24. அதோடு, ப்ரொஜெக்டரின் ஷட்டர், அதாவது ஒளியை மறைத்துத் திறக்கும் தகடு, ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு தடவை ஒளிர வைக்கும். திரையில் நொடிக்கு 48 மின்னல். அதனால்தான் கண் கூசாமல் பார்க்க முடிந்தது. முக்கியமான விஷயம், எல்லா ஃப்ரேமுக்கும் அதே இரண்டு தடவை. ஒன்றுக்குக் கூடுதல், இன்னொன்றுக்குக் குறைச்சல் என்ற பாரபட்சம் கிடையாது.

டிவிக்கு வந்ததும் அந்தப் பாரபட்சம் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 சுற்று; டிவியும் அதையொட்டி நொடிக்கு 60 தடவை காட்டும். இருபத்து நாலை அறுபதுக்குள் எப்படி அடைப்பது? ஒரு ஃப்ரேமை 2 தடவையும் அடுத்ததை 3 தடவையும் காட்டினார்கள். 12 ஃப்ரேம் இரண்டு தடவை, 12 ஃப்ரேம் மூன்று தடவை, மொத்தம் 60. கணக்கு நேராகிவிட்டது, நடை கோணலாகிவிட்டது. ஒரு ஃப்ரேம் 33 மில்லி நொடி நிற்கிறது, அடுத்தது 50 மில்லி நொடி. ஒரு படி உயரம், ஒரு படி தாழ்வு என்று கட்டிய மாடிப்படியில் ஏறுவது மாதிரி. ஆள் அசையாமல் நின்று வசனம் பேசும் காட்சியில் இது தெரியாது. கேமரா பக்கவாட்டில் திரும்பும்போதும், கடைசியில் பெயர்கள் மேலே ஏறும்போதும் மறைக்கவே முடியாது.

நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய டிவி முறை 'பால்' (PAL), நொடிக்கு 25 ஃப்ரேம். இங்கே வேறு வைத்தியம். 24-ஐ அப்படியே 25 ஆக ஓட்டிவிடுவது. நடை சீராக இருக்கும். ஆனால் இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிஷம் முன்னதாகவே முடிந்துவிடும். குரலைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் அதுவும் அரைச் சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேலே ஏறும். எனக்குக் கேட்டால் அமெரிக்க முறையைவிட இதுவே தேவலை. பாட்டுக் கேட்டுப் பழகிய காதுகள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

ப்ளூ-ரே 2006-இல் வந்தபோது இந்தத் தொல்லை தீரும் என்று நினைத்தார்கள். டிஸ்க்கில் படம் 24 ஃப்ரேமாகவே பதிவாகியிருக்கிறது. அதை அப்படியே டிவிக்கு அனுப்பினால் போதும். ஆனால் முதலில் வந்த பிளேயர்கள் சில 60 ஆக மாற்றித்தான் வெளியே விட்டன. பிளேஸ்டேஷன் 3-க்கே 2007-இல் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் வந்த பிறகுதான் 24 கிடைத்தது. பின்னால் வந்த பிளேயர்கள் எல்லாவற்றிலும் வசதி இருக்கிறது, ஆனால் செட்டிங்ஸின் ஆழத்தில் ஒளிந்திருக்கிறது. வீடியோ அவுட்புட் அல்லது ஸ்கிரீன் பகுதிக்குள் போனால் '1080/24பி அவுட்புட்' என்பது போல ஒரு வரி இருக்கும். அதை ஆன் அல்லது ஆட்டோ ஆக்க வேண்டும். எங்கள் பிளேயரில் அது ஆஃபில் கிடந்தது. முந்தைய சொந்தக்காரர் அத்தனை வருஷமும் அப்படியே பார்த்திருக்கிறார், பாவம்.

சரி, பிளேயர் 24 அனுப்பிவிட்டது. டிவி என்ன செய்கிறது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிவியின் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் '1080பி 24 ஹெர்ட்ஸ்' என்று பெருமையாகக் காட்டும். வாங்கிக்கொண்டேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். அப்படியே காட்டுகிறேன் என்பது அல்ல. பேனல், அதாவது டிவியின் திரை, நொடிக்கு 60 தடவையிலேயே ஓடினால், பிளேயர் செய்யாமல் விட்ட அதே 'ஒன்றை 2 தடவை, அடுத்ததை 3 தடவை' வேலையை டிவி உள்ளே உட்கார்ந்து செய்துகொண்டிருக்கும். 120 ஹெர்ட்ஸ் பேனல் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமையும் 5 தடவை காட்டலாம், எல்லாருக்கும் சமம். சில டிவிகள் பேனலை 48-க்கு இறக்கி, மாமாவின் ப்ரொஜெக்டர் கணக்கிலேயே இரண்டிரண்டாகக் காட்டும். அதுவும் நல்லதே.

கிருஷ்ணகிரியில் இருக்கும் என் மச்சினன் புது டிவி வாங்கியபோது, "மாமா, இதுல இருநூறு போட்டிருக்கு" என்றான். பெட்டியின் மேல் 'மோஷன்' என்று ஆரம்பிக்கும் ஏதோ ஒரு பெயர், பக்கத்தில் 200. அது விளம்பர எண். பேனல் 60-தான். பெட்டியின் மேல் 'ரெஃப்ரெஷ் ரேட்' (திரை நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கும் என்பது) என்ற சொல் இல்லாமல் வேறு எந்த எண் இருந்தாலும் நான் கண்டுகொள்வதில்லை.

அவன் டிவியில் நொண்டல் இல்லை, உண்மைதான். அதைவிட மோசமான ஒன்று இருந்தது. இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் இல்லாத ஒரு ஃப்ரேமை டிவியே கற்பனை செய்து சொருகுகிறது. சோனி இதை மோஷன்ஃப்ளோ என்கிறது, எல்ஜி ட்ரூமோஷன் என்கிறது, சாம்சங் ஆட்டோ மோஷன் பிளஸ் என்று வைத்திருந்தது. எல்லாம் ஒரே சரக்கு. கோடிகளில் எடுத்த படம் சாயங்கால சீரியல் மாதிரி ஆகிவிடுகிறது. கதாநாயகன் வேகமாகத் திரும்பினால் காதோரம் ஒரு நீர்க்கோடு கூடவே திரும்பும். 2018 டிசம்பரில் டாம் குரூஸே கேமரா முன்னால் நின்று, இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கெஞ்சினார். அடுத்த வருஷம் ஃபிலிம்மேக்கர் மோட் என்று ஒன்றை அறிவித்தார்கள்; அது உங்கள் டிவியில் இருந்தால் ஒரே அழுத்தில் இந்த வேலையெல்லாம் நின்றுவிடும்.

ஆனால் மச்சினன் பக்கமும் நியாயம் உண்டு. அவன் பார்ப்பது கிரிக்கெட். நம் எச்.டி. சேனல்கள் '1080ஐ' (1080i) 50, அதாவது நொடிக்கு 50 அரைப்படங்கள். பந்து வழவழவென்று போக வேண்டும் என்றுதான் எடுக்கிறார்கள். அங்கே மென்மை சேர்த்தால் பெரிய கேடில்லை. கிரிக்கெட்டுக்கு ஒரு மோட், சினிமாவுக்கு ஒரு மோட் என்று வைத்துக்கொடுத்துவிட்டு வந்தேன். ரிமோட் அவன் அம்மாவிடம் இருப்பதால் இரண்டும் பயன்படுவதில்லை என்பது வேறு கதை.

24 அவுட்புட்டை ஆன் செய்தால் படம் கூர்மையாகும், நிறம் பளிச்சென்று ஆகும் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். ஒன்றும் ஆகாது. அசைவு மட்டும் சீராகும். அதுவும் முழுக்க வழுக்காது, ஏனென்றால் 24 என்பதே குறைவான எண்ணிக்கை. கேமராமேன்களுக்கு இது தெரியும்; ஒரு பொருள் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக ஏறக்குறைய 7 நொடி கொடுக்க வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு வைத்திருக்கிறார்கள். அதைவிட வேகமாகத் திருப்பினால் தியேட்டரிலும் அதிரும். அந்த அதிர்வு படத்துடையது, அதை டிவி திருத்த வேண்டியதில்லை. பிறகு இன்னொன்று, நம் ஊர் ட்யூப்லைட் வெளிச்சத்தில் படம் எடுத்தால் சிமிட்டல் விழாமலிருக்க கேமரா ஷட்டரின் திறப்பை 172.8 டிகிரியில் வைப்பார்கள். 24 ஃப்ரேமில், ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒளி விழும் நேரம் அப்போது சரியாக ஒரு நொடியில் 50-இல் ஒரு பங்கு. மின்வாரியத்தின் 50 ஹெர்ட்ஸ் கேமராவுக்குள்ளும் கை வைக்கிறது.

அப்புறம் 23.976. பெரும்பாலான ப்ளூ-ரே டிஸ்க்கில் இருப்பது முழு 24 அல்ல, இதுதான். 1953-இல் அமெரிக்காவில் கலர் டிவி கொண்டுவந்தபோது 30-ஐ 29.97 ஆக்கினார்கள், அதன் வால் இன்னும் ஆடுகிறது. கம்ப்யூட்டரில் படம் பார்ப்பவர்கள் டிவியை 24-இல் வைத்து 23.976 படத்தை ஓட்டினால், ஏறக்குறைய 42 நொடிக்கு ஒரு தடவை ஒரு சின்ன விக்கல் வரும். தனி பிளேயர்கள் இதைத் தாமே பார்த்துக்கொள்கின்றன.

டிஸ்க்கே இல்லாதவர்களுக்கும் இதே பாடுதான். இணையத்தில் படம் பார்க்க டிவியில் சொருகும் ஸ்டிக்குகள் வழக்கமாக எல்லாவற்றையும் 60 ஆக்கித்தான் தள்ளும். படத்தின் ஃப்ரேம் ரேட்டையே பின்பற்று என்ற பொருளில் ஒரு வரி செட்டிங்ஸில் இருக்கும், ஃபயர் டிவியில் உண்டு. ஆப்பிள் டிவியில் 2017 கடைசியில் வந்தது. செட்டாப் பாக்ஸில் இதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இதை ஆன் செய்த பிறகு படம் ஆரம்பிக்கும்போது திரை ஒன்றிரண்டு நொடி கறுத்துவிட்டு வரும். டிஸ்க்கின் மெனுவும் கூடுதல் காட்சிகளும் வேறு வேகத்தில் இருந்தால், அங்கே போய் வரும்போதும் கறுக்கும். பிளேயரும் டிவியும் புது வேகத்துக்கு ஒத்துக்கொள்ளும் நேரம் அது, பழுது இல்லை. இதைச் சொன்னபோது ஒரு கடைக்காரர் எனக்குத் தங்க முலாம் பூசிய எச்.டி.எம்.ஐ கேபிள் ஒன்றைக் காட்டினார். 1080பி 24-க்குக் கேபிளில் ஏறும் சுமை, 60-க்கு ஏறுவதில் பாதிதான். இருந்த கேபிளே இன்னும் ஓடுகிறது.