நாலு பேருக்கு ஒரு மேனேஜர்

கோட் எழுதுகிறவர்கள், டெஸ்ட் செய்கிறவர்கள் என்று 4,096 பேர் இருக்கும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். எட்டுப் பேருக்கு ஒரு மேனேஜர் என்று மேலே அடுக்கிக்கொண்டே போனால் 512, 64, 8, 1. மொத்தம் 585 மேனேஜர்கள், நாலு அடுக்கு. அதையே நாலு பேருக்கு ஒருவர் என்று அடுக்கினால் 1,365 பேர், ஆறு அடுக்கு. கூடுதலாக 780 பேர். கோட் எழுதும் கை ஒன்றுகூட ஏறவில்லை.

இந்த 780 பேரையும் யாரும் திட்டம் போட்டு உட்கார வைப்பதில்லை. சென்னை ஓஎம்ஆர் பக்கத்து ஐடி சர்வீஸ் கம்பெனிகளில் நடப்பது இதுதான். நன்றாகக் கோட் எழுதும் ஒருவர் ஆறாவது வருடத்தில் தன் கிரேடின் சம்பள உச்சியைத் தொட்டுவிடுவார். அடுத்த கிரேடின் பெயரிலேயே 'லீட்' இருக்கும், அதற்கடுத்ததில் 'மேனேஜர்'. பேப்பர் போட்டு (ராஜினாமா செய்து) போய்விடுவாரோ என்ற பயத்தில் பதவியைக் கொடுப்பார்கள். பதவி கொடுத்தால் கீழே ஆள் காட்ட வேண்டுமே, எட்டுப் பேர் டீமை இரண்டாக வெட்டுவார்கள். பயிற்சி என்று இரண்டு நாள் ஒரு ஹாலில் உட்கார வைத்து ஸ்லைடு காட்டுவதோடு சரி. நல்ல கோடர் ஒருவர் போனார், பழகாத மேனேஜர் ஒருவர் வந்தார். ஆள் நிர்வாகம் இல்லாமல், சாஃப்ட்வேரின் அமைப்பைத் தீர்மானிக்கும் ஆர்க்கிடெக்ட் வழியாகவும் மேலே போகலாம் என்பார்கள். அந்த நாற்காலிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நம்மூர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். மேனேஜர்களோடு ஒப்பிட்டால் நேரடியாக வேலை பார்க்கிறவர்களின் விகிதத்தை, 2025 மார்ச் முடிவதற்குள் குறைந்தது 15 சதவீதம் உயர்த்தச் சொல்லி 2024 செப்டம்பரில் அமேசான் தலைவர் ஆண்டி ஜாஸி உத்தரவு போட்டார்.

புதியவராக இருப்பது குற்றமில்லை. அவருக்கு மேலே இருப்பவரும் போன வருடம்தான் ஏறியவர் என்றால்தான் சிக்கல். கிளையன்ட்டிடம் 'முடியாது' என்று சொல்ல அந்த வரிசையில் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

உதாரணம்: வாடிக்கையாளர் படிவத்தில் ஒரே ஒரு ஃபீல்டு சேர்க்க வேண்டும். டெவலப்பர் நான்கு நாள் கேட்கிறார். லீட் அதை மூன்றாக்குகிறார், மேனேஜர் கிளையன்ட்டிடம் 'நாளை மறுநாள்' என்கிறார். டேட்டாபேஸ் டேபிளில் புது நெடுவரிசை, திரையில் மாற்றம், மற்ற மென்பொருள்களோடு பேசும் ஏபிஐ, அந்த டேபிளைத் தொடும் ரிப்போர்ட்கள், ரிவ்யூ, பழையது எதுவும் உடையவில்லையா என்று பார்க்கும் ரிக்ரஷன் டெஸ்டிங், டெப்ளாய்மென்ட் அனுமதி என்று நான்கு நாளுக்கும் கணக்கு இருக்கிறது. விஷயம் தெரிந்தவர் "பழைய ரெக்கார்டுகளில் இந்த ஃபீல்டுக்கு என்ன வரும்?" என்றுதான் முதலில் கேட்பார். பழகாதவர் "இன்னும் ஒரு ஆள் போட்டால் சீக்கிரம் முடியுமா?" என்பார். வெட்டுப்படுவது எப்போதும் டெஸ்டிங் நாள்தான். வெள்ளி இரவு ரிலீஸ், சனிக்கிழமை காலை எஸ்கலேஷன், அதாவது மேலிடத்துக்குப் புகார்.

வேலையின் உள்விவரம் புரியாதபோது கையில் இருப்பது, வேலை எங்கே நிற்கிறது என்று கேட்கும் ஸ்டேட்டஸ் கால் மட்டும்தான். 12 பேர், தினமும் 45 நிமிடம்: ஒன்பது மணி நேரம். ஒருவர் கார்டு ஸ்வைப் செய்து ஆபீஸில் இருக்கும் ஒரு முழு நாள் அப்படியே போய்விட்டது. வேலை நிலவரத்தைக் காட்டும் அதே எக்செல் ஷீட் ஒவ்வொரு அடுக்காக மேலே ஏறும்போது, சிக்கல் என்று காட்டும் சிவப்பு மஞ்சளாகும், மஞ்சள் எல்லாம் சரி என்று பச்சையாகும். டெலிவரி ஹெட் கையில் இருப்பது தர்பூசணி. உள்ளே சிவப்பு என்பது வெட்டும்போதுதான் தெரியும்.

கீழே இருப்பவர் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. எஸ்டிமேட்டை ஒரே எண்ணாகச் சொல்லாதீர்கள். வேலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கு போட்டு மெயிலில் அனுப்புங்கள். மொத்தத்தை வெட்டுவது சுலபம், "ரிக்ரஷன் டெஸ்டிங் 8 மணி" என்ற வரியை வெட்ட யாருக்கும் கை வராது. வாய்மொழியாகத் தேதியைக் குறைத்தால், "பேசியபடி டெஸ்டிங் ஒரு நாள் குறைகிறது, ரிப்போர்ட்கள் சோதிக்கப்படாது" என்று அன்றைக்கே இரண்டு வரி போட்டுவிடுங்கள். சண்டை பிடிக்கிற தொனி வேண்டாம், தகவல் மட்டும். வருடாந்திர அப்ரைசலுக்கு, செய்த வேலையைப் பற்றி மாதம் ஐந்து வரி எழுதி வையுங்கள், அந்த வேலையின் டிக்கெட் எண்ணோடு. வருடத்துக்குள் மேனேஜர் இரண்டு முறை மாறிவிட்டால், ரேட்டிங் போடுகிறவர் உங்களைப் பார்த்ததே மூன்று மாதம்தான் இருக்கும்.

உங்களுக்கே அந்தப் பதவி வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஆட்குறைப்பின்போது நோட்டீஸ், இழப்பீடு போன்ற பாதுகாப்பு 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருகிறவருக்குத்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் அதற்கு வெளியே. வழக்கென்று வந்தால் நீதிமன்றங்கள் பார்ப்பது விசிட்டிங் கார்டை அல்ல, முக்கியமாகச் செய்த வேலையை. லீவு அனுமதிக்கும் அதிகாரம் இருந்ததா, ரேட்டிங் போட்டது யார், நாளில் எத்தனை மணி நேரம் கோட் எழுதினார் என்றெல்லாம் கேள்வி வரும். அதனால் புது லெட்டரோடு, என்னென்ன பொறுப்பு என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைச் சொந்த வீட்டு ஃபைலில் வையுங்கள். ஆபீஸ் லாக்கின் வெட்டப்படும் அன்று மெயில்பாக்ஸும் சேர்ந்தே போய்விடும்.