கண்ணுக்கு ஒன்றும் தெரியாத காடு: டாப்சிலிப்பிலிருந்து வால்பாறை வரை

பொள்ளாச்சிப் பக்கம் ஆனைமலையில், சேத்துமடை சோதனைச்சாவடியைத் தாண்டி டாப்சிலிப்புக்கு ஏறும்போது வண்டியில் எல்லாருக்கும் ஒரே கவலைதான்: ஏதாவது கண்ணில் படுமா, படாதா? பிப்ரவரி மாதம். தேக்கு மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றன. அந்தக் காட்டில் பார்வை வெகுதூரம் போகும். புள்ளிமான் கூட்டம், சருகைக் கிளறும் காட்டுப்பன்றிகள், சாலையோரம் நின்று எங்களை முறைத்த ஒரு காட்டுமாடு என்று வரிசையாக வந்தன. மேலே போய்ச் சேர்வதற்குள், கொடுத்த காசுக்கு வந்துவிட்டது என்ற திருப்தி எல்லார் முகத்திலும்.

மறுநாள் காலை பக்கத்திலுள்ள மழைக்காடான கரியன் சோலைக்குள் நடந்தோம். அங்கே ஒன்றும் தெரியவில்லை. நான் எழுத நினைப்பது அந்த இரண்டாவது காட்டைப் பற்றித்தான். ஆனால் முதலில் தேக்கு.

டாப்சிலிப் என்பது வெட்டிய தேக்கு மரங்களைச் சரிவில் சறுக்கிக் கீழே அனுப்பிய இடம். ஆங்கிலேயர் காலத்தில் இங்கிருந்து போன மரம் பம்பாயில் கப்பல் கட்டப் பயன்பட்டது. வெட்டி வெட்டிக் காடு தேய்ந்துபோன சமயத்தில் இங்கே பொறுப்பேற்ற வன அதிகாரி ஹியூகோ உட். அடியை விட்டு வெட்டி மறுபடி துளிர்க்கவிடுவது, புதிதாக நடுவது என்று தேக்கை மீட்டெடுத்தவர். நடந்து போகும்போதெல்லாம் கைத்தடியால் மண்ணைக் குத்தி, பையிலிருந்து ஒரு விதையை எடுத்துப் போட்டுக்கொண்டே போவாராம். இங்கே யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். 1933-இல் இறந்த அவரை இந்த மலையிலேயே புதைத்திருக்கிறார்கள். கல்லறையில் லத்தீனில் ஒரு வரி: என் நினைவுச்சின்னம் வேண்டுமென்றால் சுற்றிலும் பார்.

சுற்றிப் பார்த்தால் தேக்கு, தேக்கு, மேலும் தேக்கு. அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் இல்லையென்றால் அந்தச் சரிவில் என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்தால் பயமாக இருக்கிறது. ஆனால் அவர் காலத்து வனத்துறைக்குக் காடு என்றால் வெட்டி விற்கும் மரம். எத்தனை கன அடி தேறும் என்பதுதான் கணக்கு. இன்று நாம் சஃபாரி வண்டியில் உட்கார்ந்து எத்தனை மிருகம் என்று எண்ணுவதும் ஏறக்குறைய அதே வகைக் கணக்குதான்.

தேக்கு முடிந்து சோலை தொடங்கும் இடத்தில் வெளிச்சம் சட்டென்று குறைகிறது. பகலிலும் தரையில் ஈரம். எங்களோடு வந்த வனத்துறை வழிகாட்டி காடர் சமூகத்தைச் சேர்ந்தவர். "பேசாம வாங்க சார், காதைத் திறந்து வெச்சுக்குங்க" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். எங்களுக்குப் பின்னால் பிள்ளைகளோடு வந்த ஒருவர் கொஞ்ச நேரத்தில் பொறுமை இழந்து, "என்னண்ணா, ஒரு மான்கூட இல்லையே?" என்றார். வழிகாட்டி சிரித்தார். "மானுக்கு இங்க புல்லு ஏதுங்க?"

இந்த ஒரு பதிலில் நிறைய இருக்கிறது. மேலே கிளைகள் கூரை போட்டுவிட்டால் கீழே புல் வளராது. புல் இல்லாத இடத்தில் மேய்கிற கூட்டம் நிற்காது. அதனால் மழைக்காட்டில் பெரிய மிருகங்கள் கூட்டமாகக் கண்ணில் படுவது அரிது. அங்கே செல்வம் வேறு விதமாகக் குவிந்து கிடக்கிறது: வகைகள் ஏராளம், ஒவ்வொரு வகையிலும் எண்ணிக்கை கொஞ்சம். ஒரு மரத்தின் இனத்தைச் சேர்ந்த அடுத்த மரம் எங்கோ தள்ளி இருக்கும். விழுந்து கிடந்த ஒரு அடிமரத்தின் அருகே உட்கார்ந்தோம். அதன் மேல் பாசி, பாசிக்குள் பெரணி, பட்டைக்கு அடியில் மரவட்டை, ஓரமெல்லாம் விசிறியாக விரிந்த காளான்கள். அந்தப் பிள்ளைகள்தான் முதலில் குனிந்து பார்த்தார்கள். அப்பா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சிக்னல் இல்லை.

அப்புறம் தலைக்கு மேல் இறக்கை வீசும் சத்தம் கேட்டது. பறவை தெரிவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். அவ்வளவு பெரிய இறக்கை. மலை இருவாச்சி. அலகில் ஏதோ சிவப்பாக இருந்தது. "அத்திப்பழம். பொட்டச்சி பொந்துக்குள்ள இருக்கா, அதுக்குத்தான் கொண்டு போறான்" என்றார் வழிகாட்டி.

இருவாச்சியின் குடும்பக் கதை பலருக்குத் தெரிந்ததுதான். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சத்தாலேயே வாசலைப் பூசி, அலகு நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு பிளவை விட்டுவிட்டு மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். சாப்பாடு முழுக்க ஆணின் பொறுப்பு. எனக்குச் சுவாரசியமாகப் பட்டது அந்த அத்திப்பழம். அத்தியின் பூக்கள் காய்க்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. அவற்றில் மகரந்தம் சேர்க்கக் கடுகளவே இருக்கும் ஒரு குளவியால்தான் முடியும். பெரும்பாலும் ஒவ்வொரு அத்தி இனத்துக்கும் தனித்தனிக் குளவி. காயின் நுனியிலுள்ள துளை வழியாக இறக்கைகள் பிய்ந்துபோக உள்ளே நுழைந்து, முட்டையிட்டு, அங்கேயே செத்துப்போகும். அந்த முட்டையிலிருந்து வளர்ந்து வெளியே வரும் அடுத்த தலைமுறைக் குளவியின் ஆயுள் ஓரிரு நாள்தான். அதற்குள் அதே இனத்தின் வேறொரு மரத்தில் பக்குவமான காய் கிடைத்தாக வேண்டும். அதனால் காட்டில் அத்தி மரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் காய்த்தால் குளவி இனமே அழிந்துவிடும். அவை முறை வைத்துக் காய்க்கின்றன. வருஷம் முழுக்க எங்காவது ஒரு அத்தி பழுத்திருக்கும்.

மற்ற மரங்களில் பழமில்லாத மாதங்களிலும் இருவாச்சிக்கும் குரங்குக்கும் மரநாய்க்கும் சோறு கிடைப்பது இதனால்தான். அந்த இருவாச்சிதான் கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய் போன்ற பெரிய விதை மரங்களைத் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் போடுகிறது. சின்னக் குருவியால் அந்த விதையை விழுங்க முடியாது. இன்னொன்று: இருவாச்சியால் பொந்து குடைய முடியாது. கிளை முறிந்து, காளான் அரித்து, வயதான மரத்தில் தானாக உருவான பொந்துதான் வேண்டும். வயது வந்ததும் வெட்டிவிடும் தோட்டத்தில் அது எங்கே கிடைக்கும்? ஓரிரு நாள் வாழும் ஒரு குளவி, விலை போகாத ஒரு மரம், ஒரு காளான் என்று இத்தனை பேர் சேர்ந்துதான் அந்த ஒரு பறவை எங்கள் தலைக்கு மேல் பறந்தது. பல்லுயிர் வளம் ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இந்தச் சங்கிலியைத்தான். இதில் எந்தக் கண்ணி போனாலும் நமக்கு உடனே தெரியாது. மரம் நிற்கும், காடு பச்சையாகவே இருக்கும், அடுத்த தலைமுறைக் கன்று மட்டும் முளைக்காது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் யுனெஸ்கோ 2012-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 39 இடங்களில் கரியன் சோலையும் ஒன்று. இந்த மலைத்தொடர் ஹாட்ஸ்பாட், அதாவது பல்லுயிர் வளம் செறிந்து, அதே சமயம் அழிவின் விளிம்பிலும் இருக்கும் இடம், என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சூழலியலாளர் நார்மன் மையர்ஸ் 1988-இல் முன்வைத்த அந்தக் கருத்துக்கு இன்று இரண்டு நிபந்தனைகள் உண்டு. வேறெங்கும் இல்லாத தாவர இனங்கள் குறைந்தது 1,500 இருக்க வேண்டும். இயற்கையான தாவரப் பரப்பில் குறைந்தது 70 சதவீதம் ஏற்கெனவே அழிந்திருக்க வேண்டும். உலகில் 36 இடங்கள் இந்தப் பட்டியலில் உள்ளன. பாதிப் பாராட்டு, பாதிக் குற்றப்பத்திரிகை.

குற்றப்பத்திரிகையின் பக்கத்தைப் படிக்க வால்பாறைக்குப் போக வேண்டும். சமவெளிக்கு இறங்கி, ஆழியாறு வந்து, 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பக்கம் பாறை விளிம்பில் வரையாடுகள் நின்றன. அவை பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன, செல்ஃபி எடுப்பவர்களைச் சட்டை செய்யவில்லை. மேலே போனதும் தேயிலை. கண்ணுக்கு எட்டிய வரை மழித்துவிட்டது போன்ற பச்சை. நடுநடுவே நிழலுக்கு சில்வர் ஓக். அதுவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். படத்துக்கு அழகுதான். மழைக்காட்டை வெட்டி உருவாக்கிய பரப்பு அது.

ஒரே பயிரை மைல் கணக்கில் நட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 1869-இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய்ப் பூஞ்சை தெரிந்தது. இருபது ஆண்டு சொச்சத்தில் அந்தத் தொழிலே சரிந்து, அதே மலைகளில் தேயிலை ஏறியது. நெல்லுக்கும் இப்படி ஒரு கண்டம் வந்தது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆசிய வயல்களைக் குட்டை நோய் வைரஸ் தாக்கியபோது, பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தது. எதிர்ப்புச் சக்தி கிடைத்தது உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லில். களை என்று பிடுங்கி எறியக்கூடிய புல். 1976-இல் வந்து ஆசியா முழுக்கப் பரவிய ஐ.ஆர்.36 ரகத்தில் அந்தப் புல்லின் மரபு இருக்கிறது.

வால்பாறையில் தேயிலைக்கு நடுவே துண்டுதுண்டாக மழைக்காடு மிஞ்சியிருக்கிறது. அதில் ஒன்று ஊரை ஒட்டிய புதுத்தோட்டம். சிங்கவால் குரங்கு என்கிற சோலைமந்தி இங்கே நூறுக்கும் மேல் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இந்தக் குரங்கு மொத்தமே சில ஆயிரங்கள்தான். வெடிப்பலாவின் பூவும் கொட்டையும் தின்று மரத்திலேயே வாழ்நாளைக் கழிக்க வேண்டிய பிராணி, இங்கே தார்ச்சாலையில் நடக்கிறது, கூரை ஓட்டைப் பிரிக்கிறது. பக்கத்திலேயே பார்க்க முடிகிறதே என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் குஷி. மேலே கிளைவழி அறுந்துபோனதால் அது கீழே இறங்குகிறது என்பதை அங்கே நிற்கும் காவலர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருக்கிறார்கள். சாலைக்கு மேலே தீயணைப்புக் குழாய்த் துணியால் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். ஒரு குட்டி தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டு அதில் கடந்ததைப் பார்த்தேன்.

இந்தத் துண்டுகளைச் செப்பனிடும் வேலையை இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர்கள் எஸ்டேட்காரர்களோடு சேர்ந்து பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். சாலையோரம் உதிர்ந்த விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் நூறுக்கும் மேற்பட்ட உள்ளூர் இனங்களை வளர்த்து, வெளிநாட்டுக் களையான உண்ணிச்செடியை அகற்றிவிட்டு நடுகிறார்கள். லட்சம் மரக்கன்று நட்டோம் என்று விழா எடுப்பவர்கள் இதை ஒருமுறை பார்க்கலாம். ஒரு திட்டில் எத்தனை கன்று என்பதைவிட, அந்த இடத்தில் எந்த இனங்கள் முன்பு இருந்தன என்பதற்கே இங்கே நேரம் போகிறது. வேகம் மிகக் குறைவு. பழம் தின்னும் பறவைகள் வந்து எச்சமிடத் தொடங்கினால் மீதி வேலையை அவையே பார்த்துக்கொள்ளும்.

போகிறவர்களுக்கு: கரியன் சோலைக்கு வனத்துறை வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும், காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். வால்பாறையில் இருட்டிய பிறகு எஸ்டேட் பாதைகளில் நடக்க வேண்டாம். யானை பக்கத்தில் இருந்தால் எரியும்படி சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள், எரிந்தால் திரும்பிவிடுங்கள். குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள். எந்த அத்தி மரம் பழுத்திருக்கிறது என்று வழிகாட்டியிடம் கேட்டு, அதன் அடியில் போய் உட்காருங்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது. கழுத்து வலிக்கும், பரவாயில்லை.