மணக்குடிக் கடவு

14 டிசம்பர் 2025, ஞாயிறு

கன்னியாகுமரி மாவட்டத்துக் கீழமணக்குடியில் சித்தி வீட்டுச் சாப்பாடு. நெத்திலி அவியலில் மாங்காய் கொஞ்சம் தூக்கல், ஆனாலும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அப்புறம் பாலத்து நடுவில் போய் நின்றேன். ஒரு பக்கம் பழையாறு கடலில் விழும் பொழி, மணல்திட்டு அடைக்கும் ஆற்றுவாய். மறுபக்கம் காயல், அலையாத்தி மரங்கள். எதிரே மேலமணக்குடி; கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

சித்தியின் மாமியாருக்குப் பாலம் வருவதற்கு முந்தைய கடவு, வள்ளத்தில் ஆறு கடக்கும் துறை, நன்றாக நினைவிருக்கிறது. மீன் கூடையான கடவத்தைத் தலையிலிருந்து இறக்காமலே வள்ளத்தில் ஏறி நிற்பார்களாம். ஆழம் குறைவு, கம்பு ஊன்றித்தான் தள்ளுவார்கள். கையில் காசில்லாத நாளில் இரண்டு சாளை மீனை வள்ளத்தில் போட்டால் போதும். மழைக்காலத்தில் பொழி உடைந்தால் தண்ணீர் கடலுக்கு இழுக்கும். வள்ளக்காரர் கம்பைக் கரையில் சாய்த்துவிட்டு பீடி பற்றவைப்பார். பிறகென்ன, சுசீந்திரம் சுற்றித்தான் போக வேண்டும்.

17 டிசம்பர், புதன்

பழைய வரைபடத்தில் ஏ.வி.எம். கால்வாயைத் தேடினேன். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்று முழுப்பெயர். பெயரே ஒரு வள்ளம் நீளம். 1860 வாக்கில் திருவிதாங்கூர் போட்ட திட்டம். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை படகிலேயே வரலாம் என்று நினைத்தார்கள். முழுதாக முடியவில்லை. நீர்வழி வராத ஊருக்குத் தார்வழி வந்தது, அவ்வளவுதான்.

26 டிசம்பர், வெள்ளி

21 வருடம். 2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு காலை. அலை பாலத்தைப் பெயர்த்துப் போட்டது. கான்கிரீட் தளம் ஆற்றுக்குள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கனத்தைத் தண்ணீர் தூக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மறுபடி வள்ளம். பாட்டி, அதாவது சித்தியின் மாமியார், ஏறி உட்கார்ந்ததும், "ரெண்டு சாளை குடுத்த கடவுக்கு இப்ப அஞ்சு ரூவாயா?" என்று சண்டை போட்டதை வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

அப்புறம் ராணுவம் போட்ட பெய்லி பாலம், இரும்புத் துண்டுகளைப் பூட்டிச் சட்டென்று போடும் தற்காலிகப் பாலம். பைக் ஏறினால் இரும்புத் தகடு தடதடவென்று ஊரையே எழுப்பும். அதற்கும் பிறகு வந்தது இப்போதைய பாலம். காமராஜர் அமைச்சரவையில் மீன்வளத்தைக் கவனித்த லூர்தம்மாள் சைமன் பெயர் அதற்கு. கடற்கரையில் பிறந்த பெண்ணின் பெயர், எனக்குச் சரியென்றே படுகிறது.

கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கிளம்பும்போது இருட்டிவிட்டது. வாசல்வரை வந்த பாட்டி சொன்னார்: "கடவு தாண்டுனதும் போன் போடு மக்கா."